தேர்வுப் பயிற்சியா, செயல்வழியா, விளக்கிக் கற்பித்தலா? கணக்கு ஆசிரியராகுமுன் எடுக்க வேண்டிய ஒரு முடிவு

பி.எட். இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் ‘எனது கற்பித்தல் கொள்கை’ என்ற தலைப்பில் சில பக்கங்கள் எழுதித் தரச் சொல்கிறார்கள். பெரும்பாலான பதிவேடுகளில் அது ‘மாணவர் மையக் கல்வி’, ‘மகிழ்ச்சியான கற்றல்’, ‘முழுமையான ஆளுமை வளர்ச்சி’ என்ற சொற்களோடு நிறைவு பெற்றுவிடுகிறது. அச்சொற்களை நான் மறுக்கவில்லை. ஆனால், திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஏழாம் வகுப்புக்குள் நுழையும் கணக்கு ஆசிரியர் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வார், பாதி வகுப்புக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வார் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. கொள்கை என்பது அந்த இடத்தில் உதவ வேண்டும். அதனால்தான் எங்கள் பகுதியில் வழக்கத்தில் இருக்கும் மூன்று வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்து, எதை என் முதன்மை வழியாகக் கொள்வது என்று இங்கே முடிவு செய்ய முயல்கிறேன்.

முதலில் எந்த வகுப்பறைக்காக இந்த முடிவு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் 6, 7, 8-ஆம் வகுப்புகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி இந்த நிலையில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர். பெற்றோரில் பலர் தறிக்குடோனிலோ, பனியன் கம்பெனியிலோ, கோழிப்பண்ணையிலோ வேலை செய்கிறவர்கள். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் அம்மாவோ அப்பாவோ பின்னக் கணக்குச் சொல்லித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வேலை இருக்கும் ஊரைத் தேடிக் குடும்பம் மாறும்போது பிள்ளையும் பள்ளி மாறுகிறது. ஊர் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டிவிட்டால் ஒரு வாரம் சிலர் வரமாட்டார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் குழந்தைகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காத மாநிலம் இது. அந்தக் கொள்கையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதன் விளைவாக, வகுத்தல் வராத பிள்ளையும் இயற்கணிதம் வருகிற பிள்ளையும் ஒரே அறையில் இருப்பார்கள் என்பதை ஆசிரியர் ஏற்றுக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

இப்படிப்பட்ட வகுப்பில் ஒரு முறையை எடைபோட எனக்கு மூன்று கேள்விகள் போதும். ஒரு பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டதை அன்றைக்கே ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கிறதா? பின்தங்கியவரும் விடுப்பிலிருந்து திரும்பியவரும் வகுப்போடு மீண்டும் சேர வழி வைக்கிறதா? பதிவேடுகளையும் மற்ற பணிகளையும் சுமந்துகொண்டு ஒரே ஆசிரியர் ஜூன் முதல் ஏப்ரல் வரை தாங்கக்கூடியதா? இவற்றுள் முதல் கேள்விக்கே நான் அதிக எடை தருகிறேன். கணக்கில் இன்றைய தவறான புரிதல் நாளைய பாடத்துக்கு அடித்தளமாகிவிடும். ஒரு மாதம் கழித்துத் தேர்வுத்தாளில் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அதன்மேல் மூன்று பாடங்கள் ஏறியிருக்கும்.

தேர்வுப் பயிற்சி முறையைக் கொங்குப் பகுதியில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைத் தேடி மாநிலம் முழுவதிலிருந்தும் பெற்றோர் வந்த காலம் ஒன்று உண்டு. பாடத்தை விரைவாக முடித்துவிட்டு, மீதி மாதங்கள் முழுக்க ஸ்லிப் டெஸ்ட், வாரத் தேர்வு, ரிவிஷன் என்று போகும் அமைப்பு அது. 2017-இல் மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியதும், பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிப் போய்விடாதபடி 2017-18 கல்வியாண்டில் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும் இந்தப் போக்கைக் கட்டுப்படுத்துவதற்கான நடவடிக்கைகளே. இம்முறையை ஒரே சொல்லில் ‘மனப்பாடம்’ என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன எத்தனையோ பேருக்கு அந்த மதிப்பெண்தான் கதவைத் திறந்துவிட்டது. அடிக்கடி தேர்வு வைப்பதில் உண்மையான பலனும் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

ஆயினும் என் முதல் கேள்விக்கு இம்முறை சரியான பதில் தரவில்லை. அந்தத் தேர்வு, யார் முன்னே யார் பின்னே என்ற வரிசையைக் காட்டுகிறது, தவறு நேர்ந்த இடத்தைக் காட்டுவதில்லை. இருபத்தைந்துக்கு ஒன்பது வாங்கிய பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்பதை அந்த ஒன்பது சொல்லாது. புத்தகத்தில் இருக்கும் அதே கணக்கு எண் மாறி வந்தால் போடுகிற பிள்ளை, அதே கணக்கு ஒரு கதையாக வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுகிறது. பொதுத்தேர்வே இல்லாத ஏழாம் வகுப்பில் இந்த முறையைக் கொண்டுவருவதற்கு எந்தக் காரணத்தையும் நான் காணவில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மதிப்பெண் இல்லாமல் அடிக்கடி நினைவுகூர வைக்கும் பழக்கம் ஒன்றை மட்டுமே.

இரண்டாவது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியில் உருவான முறையைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலத்தின் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த இயக்கம் அது. இன்றைக்கு பி.எட். படிக்கும் என் வயதினரில் பலர் அந்த முறையில்தான் எழுத்துக் கற்றோம்: சுவரின் கீழ்ப்பகுதியில் நம் உயரத்துக்கு ஒரு கரும்பலகை, தரையில் பாய், தட்டில் அட்டைகள், சுவரில் கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் ‘ஏணிப்படி’ அட்டவணை. எந்தப் படியில் நிற்கிறோமோ அந்த அட்டையை நாமே எடுத்து வந்து, அதற்குரிய குழுவில் உட்கார வேண்டும். 2022-இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைப் பிரிவு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியாகவே கற்றல் அமைய வேண்டும் என்கிறது.

இரண்டாம் கேள்விக்கு இதைவிடச் சிறந்த பதில் கிடையாது. நோம்பிக்குப் போய்த் திரும்பிய பிள்ளை, விட்ட அட்டையிலிருந்து தொடங்குகிறது. வகுப்பு எங்கோ போய்விட்டது என்ற பயம் அதற்கு இல்லை. பிள்ளைகளை வயதால் பிரிக்காமல் இப்போது எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்துக் குழுவாக்கிச் சொல்லித் தருவது பலனளிக்கிறது என்பதைப் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் பணிகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் செய்த கள ஆய்வுகள் காட்டியுள்ளன. 2019-இல் அவர்களுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தபோது இந்த ஆய்வுகளும் பேசப்பட்டன.

சிக்கல் நடுநிலை வகுப்புகளில் தொடங்குகிறது. அங்கே செயல்வழி, படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் வந்தது. பாடத்தைப் படித்து, மனவரைபடம் வரைந்து, குழுவில் தொகுத்து, வகுப்பின்முன் வழங்குவது அதன் வரிசை. சமூக அறிவியலுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கணக்குக்கு இதைக் கொண்டுவந்தால், ‘பின்னம்’ என்ற சொல்லை நடுவில் வட்டமிட்டு, சுற்றிலும் ‘தகு பின்னம்’, ‘தகா பின்னம்’, ‘கலப்பு பின்னம்’ என்று வண்ணப் பேனாவால் எழுதுவதில் பாடவேளை கழிகிறது. படம் அழகாக வருகிறது, கூட்டல் வருவதில்லை. குழுவில் ஒருவர் போட்ட கணக்கை மற்ற நால்வர் பார்த்து எழுதிக்கொண்டால், ஐந்து நோட்டிலும் சரியான விடை இருக்கும். அதாவது, என் முதல் கேள்வியில் இந்த முறை தவறுவதோடு நில்லாமல், தெரியாததை மறைத்தும் வைத்துவிடக்கூடும். நான் பேசிய மூத்த ஆசிரியர்கள் மூன்றாம் கேள்வியிலும் இதற்குக் குறைந்த இடமே தருகிறார்கள்: அட்டை கிழிந்தால் மாற்றவும், ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் எழுதி வைக்கவும் நேரம் போய்விடுகிறது என்கிறார்கள்.

கையால் செய்து கற்பது கொங்கு நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த புதுமை என்று சிலர் பேசுகிறார்கள். தி.சு. அவினாசிலிங்கம் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியது 1930-இல். 1937-இல் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்த பிறகு, கைத்தொழிலோடு இணைந்த அந்தக் கல்விக்கு, பின்னர் வித்யாலயம் அமைந்த பெரியநாயக்கன்பாளையம் ஒரு முக்கிய இடமாக விளங்கியது. அந்த மரபை மதிக்கிறேன். இருந்தாலும் இன்றைய திருப்பூரில் நின்று பார்க்கும்போது ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. தறிச் சத்தத்திலிருந்து தன் பிள்ளையாவது வெளியே போகட்டும் என்றுதான் பல பெற்றோர் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களிடம் ‘தொழில்வழிக் கல்வி’ என்று சொல்லும்போது அந்தச் சொல் அவர்கள் காதில் எப்படி விழும் என்பதையும் ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர் நேரடியாக விளக்கிக் கற்பிக்கும் முறை. இதற்கு இன்று நல்ல பெயர் இல்லை; காரணம், நாம் அன்றாடம் காண்பது இதன் தேய்ந்த வடிவம். ஆசிரியர் இருபத்தைந்து நிமிடம் பலகையில் எழுதுகிறார். முடிவில் “புரிஞ்சுதுங்களா?” என்கிறார். “புரிஞ்சுதுங்க மிஸ்” என்று வகுப்பே சேர்ந்து சொல்கிறது. அந்தச் சேர்ந்திசையிலிருந்து ஆசிரியருக்கு எதுவும் தெரியவராது. ஆனால் விளக்கிக் கற்பித்தல் என்றாலே இதுதான் என்று கொள்வது சரியில்லை. சிறுசிறு படியாக விளக்குவது, முழுதாகப் போட்டுக் காட்டிய கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து அலசுவது, ஒவ்வொரு படிக்குப் பிறகும் எல்லாரிடமிருந்தும் விடை வாங்குவது, அந்த விடையைப் பார்த்து மேலே போவதா திரும்புவதா என்று முடிவு செய்வது என்று இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. நம் மனம் ஒரே நேரத்தில் சில புதிய செய்திகளை மட்டுமே ஏந்த முடியும் என்பதை அடிப்படையாகக் கொண்டு கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் செய்த ஆய்வுகள், புதிதாகக் கற்பவருக்குப் போட்டுக் காட்டிய கணக்குகளைப் படிப்பது தானாகத் தீர்வு தேடுவதைவிட நல்ல பலன் தருகிறது என்று காட்டின. தேர்ச்சி கூடக்கூட இந்த நன்மை குறைந்து, தானாகப் போட்டுப் பார்ப்பதே மேலாகிவிடுகிறது என்பதும் அதே ஆய்வுப் பாதையில் தெரியவந்ததே. இதை நம் பாடநூல்களில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு பாடத்தை நெருங்கிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். கற்பித்தல் பயிற்சியின்போது, வெவ்வேறு பகுதி கொண்ட பின்னங்களின் கூட்டலை நடத்த வேண்டியிருந்தது. பலகையில் 1/2 + 1/3 என்று எழுதி, ஒவ்வொருவரும் விடையைச் சிலேட்டில் எழுதித் தலைக்குமேல் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஒரு பார்வையில் வகுப்பு முழுவதும் தெரிந்தது. பலர் 2/5 என்று எழுதியிருந்தார்கள். மேலே மேலும் கீழே கீழுமாகக் கூட்டியிருந்தார்கள். சிலர் 2/6, மீச்சிறு பொது மடங்கு 6 என்று கண்டவர்கள், தொகுதியை மாற்ற மறந்திருந்தார்கள். 5/6 என்று சரியாக எழுதிய ஒரு பையனிடம் எப்படிக் கண்டாய் என்று கேட்டபோது, “குறுக்கே பெருக்கோணுங்க மிஸ்” என்றான். ஏன் பெருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. 2/5 எழுதியவனுக்கும் 2/6 எழுதியவனுக்கும் தேவையான உதவி வேறு வேறு. சரியாக எழுதியவனுக்கும் ஓர் உதவி தேவைப்பட்டது. தேர்வுத்தாள் முதல் இருவருக்கும் ஒரே பூஜ்யத்தைக் கொடுத்திருக்கும். குழுச் செயல்பாட்டில் அந்த 5/6 எல்லா நோட்டிலும் ஏறியிருக்கும்.

அடுத்து, 2/5 எழுதியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “காலையில் பால் சொசைட்டிக்கு அரை லிட்டர் கொண்டுபோகிறோம். அதிலே இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அரை லிட்டரைவிடக் கூடுமா, குறையுமா?” கூடும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பிறகு 2/5 அரையைவிடப் பெரிதா என்று கேட்டேன். அமைதி. அந்த அமைதியை ஆசிரியர் அவசரப்பட்டுக் கலைத்துவிடக் கூடாது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று வினாடி காத்திருந்தாலே விடைகள் நீளமாகவும் அதிகம் பேரிடமிருந்தும் வருகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். காத்திருந்தபோது ஒரு பெண் எழுந்து, “அஞ்சுல பாதி ரெண்டரைங்க மிஸ், இது ரெண்டுதானுங்க” என்றாள். அதற்குப் பிறகுதான் காகிதப் பட்டையை ஆறாக மடிக்கச் சொன்னேன். அரை என்பது மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு மடிப்பு, சேர்ந்தால் ஐந்து. பட்டை செயல்வழியிலிருந்து வந்தது, ஆனால் அதை எடுக்க வேண்டிய நேரத்தைச் சிலேட்டுகள்தாம் சொல்லின.

விளக்கத்துக்கு முன்பே பிள்ளைகளை முயல விடுவது பற்றிக் கல்வி ஆய்வாளர் மனு கபூர் சிங்கப்பூரில் செய்த ஆய்வுகள், இந்த முறைக்கு ஒரு மறுப்பாகக் காட்டப்படுகின்றன. முதலில் முயன்று தோற்று, பிறகு விளக்கம் பெற்ற மாணவர்கள் கருத்தை ஆழமாகப் புரிந்துகொண்டதாக அவர் காட்டினார். நான் அதை மறுப்பாகக் கருதவில்லை. அங்கேயும் முயற்சிக்குப் பின் ஆசிரியரின் தெளிவான விளக்கம் இருக்கிறது. மேலே சொன்ன வகுப்பிலும் சிலேட்டு முயற்சிதான் முதலில் வந்தது.

இந்த முடிவுக்கு என்னைத் துணிய வைத்தது நன்னூல். கொங்கு நாட்டைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்லும் பவணந்தி முனிவர், அதன் பாயிரத்தில் கற்பித்தலைப் பற்றி எழுதியிருப்பதைப் பயிற்சி ஆசிரியர்கள் இலக்கணப் பாடமாக மட்டுமே படித்துக் கடந்துவிடுகிறோம். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்கே; உடன் பயில்பவரோடு பழகுவதில் இன்னொரு கால்; எஞ்சிய அரைப் பங்கும் தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது என்கிறார். ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’ கொடுக்க வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. கொள்வோன் எப்படிக் கொண்டான் என்பதை அறியாமல் கொடுத்துக்கொண்டே போவதைத்தான் மேலே தேய்ந்த வடிவம் என்றேன். விளக்கம் கால் பங்குதான் என்று ஒப்புக்கொள்ளும் ஆசிரியர், பாடவேளை முழுவதையும் அதற்குக் கொடுக்க மாட்டார். அந்தக் கால் பங்கைக் கவனமின்றிச் செய்யவும் மாட்டார், ஏனெனில் மற்ற முக்கால் பங்கு அதன்மேல்தான் எழுகிறது.

ஆகவே என் முதன்மை வழி, சிறு படிகளாக விளக்கி, ஒவ்வொரு படியிலும் எல்லாருடைய விடையையும் பார்க்கும் முறை. ஆண்டின் தொடக்க வாரங்களில் பாடநூலைத் திறக்காமல், நான்கு அடிப்படைச் செயல்களிலும் பின்னத்திலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, செயல்வழியிலிருந்து எடுத்த நிலைக் குழுக்களில் வேலை செய்யப் போகிறேன். அந்தக் குழுக்கள் நிரந்தரமாகிவிட்டால் பிள்ளைகளே தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொள்வார்கள் என்பதால், மாதந்தோறும் அவற்றைக் கலைத்துவிட வேண்டும். பிறகு, வழக்கமான பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம், போன வாரத்திலிருந்தும் போன மாதத்திலிருந்தும் எடுத்த கணக்குகளை மதிப்பெண் இல்லாமல் நினைவிலிருந்து போடுவது. கடைசிப் பத்து நிமிடம், பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்வது. அப்போது நான் பேசாமல் கேட்டுக்கொண்டு நடப்பேன். சிலேட்டுக்குப் பள்ளியில் பணம் இல்லாவிட்டால், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். வீட்டுப்பாடம் மிகக் குறைவாக, யாருடைய உதவியும் இல்லாமல் போடக்கூடியதாக மட்டுமே இருக்கும். நோட்டில் பக்கம் நிறையவில்லை என்று பெற்றோர் கேட்டால், அவர்கள் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கணக்கை அவர்கள் எதிரிலேயே விளக்கச் சொல்வேன்.

வேறு மொழி பேசும் பிள்ளைகள் வகுப்பில் இருப்பதும் இந்தத் தேர்வுக்குச் சாதகமாகவே அமைகிறது. நீண்ட அட்டைக் குறிப்பையோ குழு விவாதத்தையோ தமிழில் பின்தொடர முடியாத பிள்ளை, சிலேட்டில் 5/6 என்று எழுதிக் காட்ட முடியும். தமிழ் கற்றுக்கொள்ளும் வரை அந்தப் பிள்ளைக்குக் கணக்கு நின்றுபோக வேண்டியதில்லை. அரை, கால், முக்கால் என்ற சொற்களை அந்தப் பாடத்திலேயே தமிழிலும் பிடித்துக்கொள்ளும்.

பணியிடம் மாறினால் இந்த முடிவும் மாற வேண்டும். தாளவாடி மலையில் கன்னடம் பேசும் பிள்ளைகள் உள்ள பள்ளியிலோ, வால்பாறைத் தேயிலைத் தோட்டப் பகுதியிலோ, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேருக்குக் கற்பிக்க வேண்டியிருந்தால், எல்லாருக்கும் சேர்த்து ஒரே விளக்கம் என்பது அங்கே பொருந்தாது. அந்தப் பள்ளியில் ஏணியையும் அட்டையையும் முதன்மையாக வைத்து, ஒவ்வொரு குழுவிடமும் போய் உட்காரும்போது மட்டும் சிலேட்டு முறையைப் பயன்படுத்துவேன். அதற்காக 6, 7, 8-ஆம் வகுப்புக் கணக்குக்கான அட்டைகளைப் பயிற்சி முடியும் முன்பே எழுதத் தொடங்கியிருக்கிறேன். பின்னத்திலிருந்து ஆரம்பித்து, இப்போது தசமத்தில் 0.35 பெரிதா, 0.4 பெரிதா என்ற கேள்விக்கான அட்டைவரை வந்திருக்கிறேன்.